மஸ்கட் சட்டிக்கு எண்ணெய்க் குளியல்

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய பேப்பரைத் தரையில் விரிப்பார். ஸ்டூல் மேல் ஏறி, பீரோ உச்சியிலிருந்து அந்தச் சட்டியை இரண்டு கையாலும் இறக்குவார்.

"மக்கா, நல்லெண்ணெய எடு."

நான் எடுத்துக் கொடுப்பேன். செம்பூரில் எங்கள் பில்டிங் முழுக்க அந்த நேரம் கறி வாசனை அடிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுப்பையே பார்க்காத ஒரு சட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். வெளியே கருநீலம், உள்ளே பால் வெள்ளை. மூடியைத் தனியாகத் தூக்கினாலே எனக்குக் கை வலிக்கும்.

"இது வெள்ளையால்லா இருக்கு? துரு எப்படிப்பா பிடிக்கும்?"

"வெள்ளைக்கு உள்ள என்ன இருக்கு? வார்ப்பு இரும்புதான? இரும்புன்னா எண்ணெய் கேக்கும். பம்பாய் மழைக்குச் சும்மா விட்டா பாழாப் போயிரும். பேசாம துணியப் பிடி."

அதற்குமேல் நான் பேச முடியாது. அப்பா குர்லாவில் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். வீட்டில் இரும்பைப் பற்றிக் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பில்டிங் தண்ணீர்ச் சண்டையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு தோழி போனில், "எல்லாரையும் எழுதுறே, உங்க அம்மா எங்கேடி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த வருஷங்களில் அம்மா மஸ்கட்டில் இருந்தாள்.

அண்ணாச்சி சுமந்த பாரம்

அம்மா நர்ஸ். பெயர் எஸ்தர். நான் ஏழாவது படிக்கும்போது போனாள். முலுண்டில் சொந்தமாக ஒரு வீடு வாங்க வேண்டும் என்று அப்பாவும் அவளும் சேர்ந்து போட்ட திட்டம் அது. இரண்டு வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் லீவில் வருவாள். வந்தபின் இங்கேயே இருப்பாளா, மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாளா? அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நான் ராத்திரி ஜெபத்தில் மட்டும் கேட்டேன், அதுவும் அப்பா காதில் விழாமல்.

அவள் போய் ஒரு கிறிஸ்துமஸ் கழிந்து வெயில் தொடங்கிய சமயம், தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் எங்கள் வீட்டுக்கு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மஸ்கட்டில் அதே ஆஸ்பத்திரியில் டிரைவராக இருந்தவர். லீவுக்கு வரும்போது அம்மா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"உங்க வீட்டம்மா என்னத்தக் குடுத்து விட்டிருக்காவ? கல்லா?" என்று தோளைத் தேய்த்துக்கொண்டார். "எங்க வீட்டுக்கு வாங்கின போர்வைய எறக்கி வச்சிட்டு இதத் தூக்கிட்டு வந்திருக்கேன்."

பிரித்தால், அம்மாவின் பழைய நைட்டிக்குள் இந்தச் சட்டி. சட்டிக்குள் ஒரு பால் பவுடர் டின், எனக்கு ஒரு பென்சில் பெட்டி, ஒரு கேசட். நைட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அதில் வேறு ஏதோ ஊர் சோப்பு வாசனை அடித்தது. அம்மா வாசனையைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கேசட்டில் வந்த உத்தரவு

வளைகுடாவில் ஆள் இருந்த வீட்டுக்காரர்களுக்குப் பேச்சுக் கேசட் என்றால் என்னவென்று தெரியும். கடிதத்தில் எழுத வராததையெல்லாம் அரை மணி நேரம் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். எங்களிடம் டூ-இன்-ஒன் கிடையாது. ஒரே மாடியில் இருந்த நூர் அக்கா வீட்டில் போய்க் கேட்போம். அக்காவுக்குக் காயல்பட்டினம் பக்கம். அவள் வீட்டுக்காரருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை.

கேசட்டில் அம்மா முதலில் தொண்டையைச் செருமினாள். பின்னால் ஏசி சத்தம் இரைந்தது. நடுவில் யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று அம்மா போய்விட்டுத் திரும்பி வந்தாள். அந்த ஒரு நிமிஷமும் நாங்கள் மூன்று பேரும் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"கூட இருக்க மலையாளத்துப் பிள்ள இந்த மாதிரிச் சட்டியிலதான் மீன் குழம்பு வைக்கா. என்ன ருசி தெரியுமா! எறக்கி வச்சபெறகும் அரை மணி நேரம் கொதிச்சுக்கிட்டே இருக்கு. அதான் நமக்கும் ஒண்ணு வாங்கினேன். நான் வந்து அதுல அயிலக் குழம்பு வச்சுத் தாரேன், என்ன?"

பேச்சோடு பேச்சாக யாரும் சொல்லக்கூடியதுதான். ஆனால் அப்பா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கே சட்டி பீரோவின் மேல் ஏறியது. அம்மா வந்து அயிலக் குழம்பு வைக்கிறவரைக்கும் அதில் ஒரு முட்டைகூட வேகக் கூடாது என்றார்.

டங் டங்

எங்கள் சமையலெல்லாம் பழைய அலுமினியப் பாத்திரத்தில்தான். நான் சோறு வடிப்பேன். அப்பா குழம்பு வைப்பார். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து மீன்காரம்மாவிடம் "பாங்டா" என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் அதையே "அயில" என்பார். தாளிக்கிறபோது பாத்திரத்தைப் புகை வரும்வரை வெறுமனே காயவைத்து, கையை நனைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சுரீர் என்றால்தான் எண்ணெய் ஊற்றுவார். கிளறி முடித்ததும் கரண்டியை விளிம்பில் டங் டங் என்று இரண்டு தட்டுத் தட்டுவார். நம் வீடுகளில் அந்தத் தட்டு இல்லாமல் எந்தக் குழம்பு இறங்கியிருக்கிறது?

இப்போது என் அடுப்படியிலும் மஸ்கட் சட்டி மாதிரியே, இரும்பின்மேல் பீங்கான் பூச்சுப் போட்ட இரண்டு சட்டிகள் இருக்கின்றன. அப்பா செய்த மூன்றுமே அதற்கு ஆகாது. வெறும் சட்டியை எரிய விட்டால் பூச்சு வெடிக்கும். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். விளிம்பில் இரும்புக் கரண்டியால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயரும். சிறு தீ, மரக்கரண்டி, ஆறியபின் மெத்தென்ற துணி, இவ்வளவுதான் அது கேட்கிற மரியாதை. அப்பா கையில் அகப்பட்டிருந்தால் மஸ்கட் சட்டி ஒரு மாதத்தில் சொறி பிடித்திருக்கும். பீரோ மேல் ஏறியது அதன் நல்ல காலம்.

அப்பா சமையல் மோசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புளி மட்டும் எப்போதும் ஒரு கை கூடும். நான் முகத்தைச் சுளித்தால், "அம்மா வந்து வைப்பா, அது வரைக்கும் இதத் தின்னு" என்பார். எங்கள் வீட்டில் கிழிந்த திரைச்சீலையிலிருந்து என் சடைப்பின்னல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான்.

நூர் அக்காவின் பெருநாள்

அந்தச் சட்டி மேல் நூர் அக்காவுக்கு ஒரு கண். பெருநாளுக்கு முந்தின வாரம் கதவோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும் அதத் தாங்களேன். மூடி என்ன கனம்! அதுல தம் போட்டா பிரியாணி எப்படி வரும் தெரியுமா?"

"சட்டிக்கு உடம்பு சரியில்ல நூரு" என்றார் அப்பா. முகத்தில் சிரிப்பே இல்லை.

நூர் அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். பெருநாளன்று அலுமினிய தேக்சாவில் செய்த பிரியாணியை எப்போதும்போல எங்களுக்கு முதலில் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "சட்டிக்கும் ஒரு வாய் ஊட்டுங்க அண்ணே, உடம்பு தேறட்டும்" என்றாள். அப்பாவும் அன்றைக்குச் சிரித்துவிட்டார்.

எண்ணெய் மட்டும் நிற்கவில்லை. மாட்டுங்காவில் செக்கு நல்லெண்ணெய் விற்கிற கடைக்கு மாதம் ஒரு தடவை போய் வாங்கி வருவார். என் தலைக்குத் தேங்காயெண்ணெயைச் சிக்கனமாக வைக்கச் சொல்கிற மனிதர், சட்டிக்கு நல்லெண்ணெயை உள்ளங்கையில் தாராளமாக ஊற்றுவார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பசை

அம்மா வந்த அன்று விமான நிலையத்தில் எனக்கு அவளை உடனே அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். "என்னட்டி இப்படி வளந்துட்ட?" என்று அவள் கேட்ட பிறகுதான் என் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "உப்பு எங்க இருக்கு?" நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் சமையலறையில் அவளுக்கே உப்பு எடுத்துக் கொடுத்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

அப்பா பெருமையாக ஸ்டூல் மேல் ஏறிச் சட்டியை இறக்கினார். அம்மா இரண்டு கையையும் நீட்டி வாங்கியவள், வாங்கியபடியே நின்றாள். அவள் விரல்கள் சட்டியில் ஒட்டிக்கொண்டன.

ஒரு வருஷத்துக்கு மேலாகத் தேய்த்த எண்ணெய் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து பிசினாகியிருந்தது. அதில் செம்பூர்ப் புழுதி, ஸ்டவ் கரி, ஒரு கொசு. உள்ளே பால் வெள்ளை போய், பழைய பல் மாதிரி மஞ்சள் பூத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை.

"என்ன செஞ்சு வச்சிருக்கீய?"

"எண்ணெய் போட்டு வச்சேன். இரும்புல்லா?"

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பீங்கான் பூச்சுக்கு எண்ணெய் எதுக்குங்க? மூடி உக்காருத விளிம்புல மட்டும் பூச்சு கெடையாது. அதுக்கு ஒரு சொட்டு தடவினாப் போதும். நீங்க தலையோட குளிப்பாட்டியிருக்கீய." அப்பாவும் சிரித்தார், ஆனால் அவ்வளவு அல்ல.

அன்றிலிருந்து சட்டிக்கு வைத்தியம் தொடங்கியது. தினமும் சாயங்காலம் அதில் தண்ணீர் நிரப்பி, ஆப்ப சோடா போட்டு, திரி ஸ்டவ்வைக் குறைத்து வைத்து மெல்லக் கொதிக்கவிடுவாள். தானாக ஆறியதும் மரக்கரண்டியால் பிசினை நெம்புவாள். வெளிப்பக்கத்துக்கு சோடாவைக் குழைத்துப் பற்றுப் போடுவாள். தேங்காய் நாரை நான் எடுத்து நீட்டினால் கையைத் தட்டிவிடுவாள். "கீறல் விழும்ட்டி. அவசரப்பட்டா ஆகாது."

எனக்கும் அவசரமில்லை. சட்டி எவ்வளவு மெதுவாக வெளுக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

கேட்டுவிட்டேன்

ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து சட்டியின் கைப்பிடிக்கு அடியில் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"நீ மறுபடி போவியாம்மா?"

தேய்ப்பது நிற்கவில்லை. "போணும்."

"வீட்டுக்காகவா? எனக்கு முலுண்ட் வேண்டாம். இங்கயே இருக்கலாம்."

அம்மா துணியைக் கீழே வைத்தாள். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும், உனக்காகத்தான் போகிறேன் என்று சொல்லியிருப்பாள். எங்கள் அம்மா பொய் சொல்லத் தெரியாதவள்.

"வீட்டுக்காகவும்தான். ஆனா எனக்கு அங்க வேல பிடிச்சிருக்குட்டி. இங்க நர்சிங் ஹோம்ல டாக்டருக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு நின்னேன். அங்க ஒரு வார்டே என் கையில இருக்கு. நான் சொன்னா கேக்காவ. ராத்திரி ரூமுக்கு வந்து படுத்தா உன் மொகந்தான் வருது, தலகாணி நனஞ்சு போவுது. ரெண்டும் உண்மதான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு இரண்டில் ஒன்று மட்டும் போதுமாயிருந்தது. எழுந்து போய் நூர் அக்கா வீட்டில் ராத்திரி சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைத் தேடி வரவில்லை. நூர் அக்காவும் என்ன ஏது என்று கேட்கவில்லை, பட்டாணி உரிக்கக் கொடுத்தாள்.

இப்போது யோசித்தால், ஒரு பிள்ளையை மதித்து அவள் சொன்ன பதில் அது. அன்றைக்கு எனக்கு மதிப்பு வேண்டியிருக்கவில்லை. அம்மா வேண்டியிருந்தது.

விடியற்காலைத் தண்ணீர்

கிளம்பும் நாள் நெருங்கியபிறகும் சட்டி சுத்தமாகவில்லை. அம்மாவுக்கே புரியவில்லை. "ராத்திரி நல்லாத்தான தொடச்சு வச்சேன். காலையில தொட்டா மறுபடி பிசுபிசுங்குது. உள்ளருந்து கசியுதோ?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எங்கள் பில்டிங்கில் விடியுமுன்தான் குழாயில் தண்ணீர் வரும். அன்றைக்கு அம்மா குடத்தோடு கீழே போயிருந்தாள். நான் பாயில் விழித்தபடி கிடந்தேன். அடுப்படி விளக்கு எரிந்தது. குடத்தோடு திரும்பி வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா அடுப்படித் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சட்டி. பக்கத்தில் நல்லெண்ணெய்.

"என்ன செய்யுதீய?"

அப்பா கையைத் துணிக்குள் மறைத்தார்.

"எத்தன தடவ சொல்லுதேன், இது பீங்கான் பூச்சுன்னு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சட்டி வந்த அன்னைக்கே தெரியும் எஸ்தரு. பட்டறையிலயே காலம் போயிருக்கு, எனக்கு எனாமல் தெரியாதா?"

அம்மா குடத்தை இறக்கினாள். "தெரிஞ்சே எதுக்கு எண்ணெயப் போட்டீய?"

அப்பா சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கெழம ஆனா வேற என்ன வேல இருந்துச்சு எனக்கு? நீ அனுப்பின சாமான், ஒன் கை பட்டது. சும்மா எடுத்து மடியில வச்சுக்கிட்டா பிள்ள என்ன நெனப்பா? எண்ணெய் போடுதேன்னு ஒரு சாக்கு."

"சரி. இப்ப எதுக்கு? நாந்தான் வந்துட்டேன்லா?"

"இது சுத்தமாயிட்டா நீ குழம்பு வச்சிருவ. குழம்பு வச்சிட்டா போயிருவ."

நான் போர்வையை வாயில் கடித்துக்கொண்டேன். அப்பா அவளிடம் போகாதே என்று சொன்ன நேரம் அது ஒன்றுதான், அதையும் இப்படித்தான் சொன்னார்.

அம்மா அவர் எதிரில் உட்கார்ந்தாள். "டிக்கெட்டு போட்டாச்சுங்க" என்றாள். அவர் கையை இழுத்து, விரல் விரலாக எண்ணெயைத் தன் முந்தானையால் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள். எண்ணெய் எப்போதோ போயிருக்கும்.

அன்றைக்கு மத்தியானமே அயில வாங்கி வரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். கைப்பிடிக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் பிசின் தடித்துப் பழுப்பாக நின்றது. அதில் அப்பாவின் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. நான் துணியை எடுத்தேன். "அது இருக்கட்டும்" என்றாள் அம்மா.

குழம்பு இறக்கியபிறகும் வெகு நேரம் கொதித்தது. நூர் அக்காவுக்குக் கொடுத்தனுப்பினோம். அப்பா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பயந்திருப்பார்.

எடை

வளைகுடாவுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் ஊறுகாய், முறுக்கு, கருவாடு என்று கட்டுவார்கள். அம்மாவும் கட்டினாள். தாதரில் அப்பா எடுத்துக் கொடுத்த இரண்டு புதுச் சேலைகளையும் வைத்தாள். கடைசியாகச் சட்டியைத் துண்டில் சுற்றி எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தாள்.

"இத எதுக்குக் கொண்டு போற? இவ்வளவு கனத்தை!" என்றார் அப்பா.

"அங்க கட்டிலு ஆஸ்பத்திரி குடுத்தது, போர்வை ஆஸ்பத்திரி குடுத்தது, தட்டுகூட அவங்களுதுதான். உங்க ரெண்டு பேரு கை பட்ட சாமான் ஒண்ணு எனக்கு அங்க இல்ல."

அப்பா பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார்.

விமான நிலையத்தில் அம்மாவைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். போகாமல் வந்துவிட்டாளோ என்று என் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது.

"எடை கூடிப்போச்சாம். எறக்கணும்ங்கான்."

கம்பியோரம் குந்தி உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். கம்பி இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். ஊறுகாய்ப் பாட்டில்கள். முறுக்கு டின். கருவாட்டுப் பொட்டலம். பிறகு கொஞ்சம் யோசித்து, இரண்டு புதுச் சேலைகளையும் எடுத்துக் கொடுத்தாள். பிறகு செருப்பு. என் கை நிறைந்து, மீதியை அப்பா வாங்கிக்கொண்டார். பெட்டிக்குள் நர்ஸ் உடுப்பும் சட்டியும்தான் மிச்சம்.

"அந்த ஒண்ண எடுத்தா எல்லாத்தையும் கொண்டு போலாம்லா எஸ்தரு" என்றார் அப்பா.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே பெட்டியை மூடிப் பூட்டினாள்.